காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில்

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் கொச்சியின் காக்கநாடு சிக்னலில் நின்றால் பார்க்கலாம். பழைய போலோ ஜிடி, ஐ20 என் லைன், ஒன்றிரண்டு விர்ட்டஸ் ஜிடி என்று நாலைந்து வண்டிகள் சேர்ந்து கோதமங்கலம் பக்கம் கிளம்பும். ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இன்ஃபோபார்க் ஐடி பிள்ளைகள். நேரியமங்கலம் பாலம் தாண்டி, காட்டு வளைவுகளில் ஏறி, அடிமாலியில் சாயா குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். சில வாரம் நானும் ஒட்டிக்கொள்வேன். சாயாக்கடையில் எப்போதும் ஒரே புலம்பல்தான்: "எலக்ட்ரானிக்ஸ் வந்து வண்டியைக் கெடுத்துடுச்சு. இஎஸ்பியை ஆஃப் பண்ணுங்கண்ணா, அப்பத்தான் வண்டிக்கு உசுரு வரும்."

கோபம் நியாயமானது. ஆனால் ஆள் மாறிவிட்டது.

நம் ஊரில் 'கட்டுப்படியாகும் ஸ்போர்ட்ஸ் கார்' என்றால் மஸ்டா எம்எக்ஸ்-5 போல இரண்டு பேர் உட்காரும் வண்டி இல்லை. அந்த மஸ்டா இங்கே விற்பனைக்கே வந்ததில்லை. அரிசி மூட்டையும் ஏற்றலாம், வளைவிலும் சிரிக்கலாம் என்ற வகை ஹேட்ச்பேக்கும் செடானும்தான் நமக்கு வாய்த்தவை. இவற்றில் 'எலக்ட்ரானிக்ஸ்' என்று பொதுவாகத் திட்டு வாங்குவது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, வண்டி வழுக்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளும் இஎஸ்பி. இன்னொன்று நம் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

கோயம்புத்தூரில் நான் ஓட்டப் பழகிய மாருதி 800-இல் ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து ஒரு கேபிள் நேராக எஞ்சினுக்குப் போகும். மிதித்தால் கேபிள் இழுக்கும். காற்று போகும் குழாயில் இருக்கும் தகடு திறக்கும். அந்தத் தகடுதான் த்ராட்டில். எவ்வளவு மிதித்தாயோ அவ்வளவு திறப்பு. அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. கேபிளில் துரு ஏறும், பெடல் இறுகும், கார்பரேட்டர் வண்டியில் திடீரென்று மிதித்தால் எஞ்சின் திணறும். ஆனாலும் காலில் பட்ட திணறல் எஞ்சினின் சொந்தத் திணறல்.

இப்போது கேபிள் கிடையாது. 1980களின் இறுதியில் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்த ஏற்பாடு இன்று சின்ன ஹேட்ச்பேக் வரை இறங்கிவிட்டது. பெடலில் இருப்பது சென்சார். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும் என்பதற்காக இரட்டையாக வைத்திருக்கிறார்கள். அவை எஞ்சினின் கணினிக்கு 'இவ்வளவு மிதித்திருக்கிறார்' என்று சொல்லும். தகட்டைத் திறப்பது ஒரு சின்ன மோட்டார். எவ்வளவு திறப்பது என்பதைக் கணினி முடிவு செய்யும். நம் மிதி இப்போது காக்கநாடு கலெக்டரேட்டில் கொடுத்த மனு மாதிரி. புகைக் கட்டுப்பாடு, ஏசி, கியர்பாக்ஸின் பாதுகாப்பு என்று மேஜை மேஜையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எஞ்சினுக்குப் போகும்.

கியர் மாற்றக் காலை எடுத்த பிறகும் டாக்கோமீட்டர் முள் இறங்காமல் தொங்குகிறதே, அது இங்கே பிறக்கும் சங்கடம். த்ராட்டில் சட்டென்று மூடினால் எரியாத பெட்ரோல் புகையோடு போகும், வண்டியும் குலுங்கும். அதனால் கணினி மெதுவாக மூடுகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் இந்தக் கெடுபிடி கூடியது. நுரையீரலுக்கு நல்லது, காலுக்கு எரிச்சல். கூடவே டர்போ சுழன்று எழுவதற்கான தாமதமும் சேரும். எந்தத் தாமதம் எதனுடையது என்று ஓட்டுகிறவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எல்லாப் பழியும் 'எலக்ட்ரானிக்ஸ்' தலையில்.

ஸ்போர்ட் பட்டன் பெரும்பாலும் செய்வது என்ன? அதே மிதிக்குத் தகட்டை இன்னும் அதிகமாகத் திறக்கச் சொல்வது. முழுதாக மிதித்தால் அநேக வண்டிகளில் இரண்டு மோடிலும் அதே குதிரைதான். ஆக்சசரி கடைகளில் விற்கும் பெடல் பாக்ஸும் இதே வித்தை. பெடல் பிளக்கின் நடுவில் மாட்டினால், இருபது சதவீத மிதியை நாற்பது என்று கணினியிடம் சொல்லும். வண்டி பறப்பதுபோல இருக்கும். பவர் ஒரு குதிரைகூட ஏறியிருக்காது. பெடலின் பின்பாதிதான் வேலையில்லாமல் போகும். மழையில் அளந்து மிதிக்க வேண்டிய இடத்தில் இது ஆபத்தும்கூட.

மழை என்றதும் இஎஸ்பி. 1995-இல் மெர்சிடிஸின் விலை உயர்ந்த வண்டியில் வந்தது. 1997-இல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்றின் சோதனையில், திடீரென்று விலகி ஓட்டும்போது அதே நிறுவனத்தின் சின்ன ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. உடனே ஏ-கிளாஸ் எல்லாவற்றிலும் இஎஸ்பி ஏறியது. சின்னக் கார்களுக்கு அது இறங்கி வந்த கதை இப்படித்தான். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். முன்பக்கம் வெளியே வழுக்கினால் உள்பக்கப் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். பின்பக்கம் வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தை. கூடவே த்ராட்டிலையும் குறைக்கும். அந்த ஒரு தருணத்தில் நம் கால் என்ன சொன்னாலும் செல்லாது.

சீயப்பாறை அருவிக்கு மேலே ஒரு வளைவு. ஜூன் மாதம், சாலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நண்பனின் விர்ட்டஸ் 1.5-இல் பக்கத்து சீட்டில் நான். 150 குதிரை, 250 நியூட்டன் மீட்டர், எல்லாம் முன்சக்கரத்துக்கு. வளைவு முடியும் முன்பே மிதித்தான். முன்பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்து நகர்ந்தது; டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுங்கியது; வண்டி கோட்டுக்குள் வந்தது. "பவர் கட் ஆகுதுடா, சே" என்றான். கட் ஆகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பிறகு சொன்னேன், சாயா வந்த பிறகு.

இஎஸ்பி வேலை செய்வது டயர் பிடி விடும் அந்தச் சில கணங்களில். மீதி நேரமெல்லாம் நமக்குச் சலிப்பு தருவது த்ராட்டில் மென்பொருள். அணைக்கப் பட்டன் இருப்பதால் இஎஸ்பியை அணைக்கிறோம். மற்றதற்குப் பட்டன் இல்லை. மெட்ரோ வேலையால் செம்மண் படிந்து, முதல் மழையில் எண்ணெயும் சேறும் கலந்து கிடக்கும் காக்கநாட்டுச் சாலையில் இஎஸ்பியை அணைப்பது வீரமில்லை.

என்னுடையது செகண்ட் ஹேண்ட் டியாகோ ஜேடிபி. டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018 அக்டோபரில் கொண்டுவந்தது. ஆரம்ப விலை 6.39 லட்சம், டர்போ பெட்ரோல், 114 பிஎஸ், ஐந்து கியர். 2020-இல் நின்றுபோனது. ஊர்ப்பாசம் என்று சொல்வீர்கள், இருக்கட்டும். அதன் பெடல் கால் சொல்வதைக் கேட்கும். இஎஸ்பி கிடையாது. அதனால் மழையில் என் அம்மா ஓட்டுவதுபோல ஓட்டுகிறேன். சொன்னதைக் கேட்கும் பெடல், இஎஸ்பி இரண்டையும் ஒரே வண்டியில் கொடுப்பது முடியாத காரியமும் இல்லை. காலுக்கு நடுவில் வந்ததை நிறுவனம் திரும்ப எடுத்ததும் உண்டு. 2021-இல் ஐ20 என் லைன் கிளட்ச் பெடலே இல்லாத ஐஎம்டி கியரோடு வந்தது. 2023-இல் அதை எடுத்துவிட்டு, கிளட்ச் மிதிக்கும் ஆறு கியர் மேனுவலைக் கொடுத்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் ஒருமுறை வந்தால் போகாது என்று யார் சொன்னது?

வாங்கப் போகிறவர்கள் சீபோர்ட்-ஏர்போர்ட் ரோட்டில் டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது மூன்றில் ஒரு பங்கு மிதித்து, அதற்கேற்ற இழுவை வருகிறதா, மொத்தமும் அங்கேயே கொட்டிவிடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது கியரில் காலை எடுத்து முள் எவ்வளவு தொங்குகிறது என்று கவனியுங்கள். நீங்கள் வாங்கும் வேரியண்டில் இஎஸ்பி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர் ஸ்போர்ட் பட்டனை அமுக்கக் கை நீட்டுவார். திரும்பி வரும்போது அமுக்கிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.