வந்துபோகும் மரமரப்பு: விட்டுவிடாதீர்கள்

தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு இடது கால் மரத்துப்போகிறது. மேட்டில் ஏறும்போது பாதம் இழுபடுகிறது. செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரிவதில்லை. லயத்தில் 'வாயு' என்று தைலம் தேய்க்கிறார்கள். சில வாரங்களில் மரப்பு தானாகவே குறைகிறது, பெயர் தைலத்துக்குப் போகிறது. அடுத்த வருடம் வலது கண் வலியோடு மங்குகிறது. கண் டாக்டரிடம் காலைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம்.

தன் உடலே தாக்கும் நோய்

அதன் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். தமிழக அரசின் ஆவணங்களில் தண்டுவட மரப்பு நோய். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் என்ற உறையை, நம் நோய் எதிர்ப்பு அணுக்களே அரிக்கின்றன. எந்த இடத்தில் அரிக்கின்றனவோ அதற்கேற்ப பார்வை, நடை, பேச்சு, சிறுநீர்க் கட்டுப்பாடு பாதிக்கப்படும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். தொற்றாது. சாபமும் அல்ல.

மங்களூரு சொன்ன சேதி

குளிர்நாட்டுக்காரர்களின் நோய் என்றே இதை நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மங்களூருவில் நரம்பியல் மருத்துவர் லேகா பண்டிட் நகர மக்களிடையே கணக்கெடுத்து 2014-இல் முடிவை வெளியிட்டார்: லட்சம் பேரில் சுமார் 8 பேருக்கு எம்.எஸ். ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால், நம் மேற்குக் கரையிலும் இது உண்டு என்பதற்கு அது உறுதியான சான்று.

அவருடைய உழைப்பில் நான் பெரிதாக மதிப்பது இன்னொன்று. எம்.எஸ். போலவே தோன்றும் என்.எம்.ஓ. என்ற நோயையும் அவர் விடாமல் தேடினார். அதை அடையாளம் காட்டும் எதிர்ப்புரதத்தை 2004-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழுவினர் கண்டறிந்தார்கள். இன்று ரத்தப் பரிசோதனையில் அதைப் பார்த்துவிடலாம். எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் ஊசி என்.எம்.ஓ. நோயாளியின் நிலையை மோசமாக்கக்கூடும். அதனால் மருந்தைத் தொடங்கும் முன்பே இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது அவசியம்.

பாலக்காட்டு வெயில்

எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடல் சூடேறினால் பழைய அறிகுறிகள் சற்று நேரம் தலைதூக்கும். 1890-இல் ஊத்தாஃப் என்ற கண் மருத்துவர் இதைப் பதிவு செய்தார். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நிழலில் உட்கார்ந்து உடம்பைக் குளிரவைத்தால் அடங்கிவிடும். காய்ச்சல் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது புதிய தாக்குதலாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

எல்லையில் தொலையும் சீட்டு

கேரள-தமிழக எல்லையை ஒட்டிய நம் பகுதியின் தனிச்சிக்கல் இங்கேதான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூருக்கும், குமுளி, பூப்பாறையிலிருந்து தேனி, மதுரைக்கும் வைத்தியத்துக்குப் போகிறோம். அடுத்த முறை கோட்டயமோ திருச்சூரோ. எம்.எஸ்.ஸை உறுதி செய்ய ஒரு எம்.ஆர்.ஐ. மட்டும் எப்போதும் போதாது. நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் பாதிப்பு நேர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். முதல் தாக்குதலின் சீட்டு ஒரு மாநிலத்திலும் இரண்டாவது இன்னொன்றிலும் கிடந்தால், எந்த மருத்துவர் கையிலும் பாதிக் கதைதான் இருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா வரை போனாலும் முதலில் கேட்பது பழைய விவரங்களைத்தான்.

மருந்து உண்டா?

முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. தாக்குதலின்போது ஸ்டீராய்டு ஊசி சில நாட்கள் போடுவார்கள். அது விரைவில் தேற உதவும். அடுத்த தாக்குதல்களைக் குறைக்கத் தனி மருந்துகள் உண்டு. அவற்றை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. உடம்பு தேறிவிட்டது என்று நாமாக நிறுத்தக்கூடாது. குழந்தை பெற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். இடம்பெற்றிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அதன் சலுகைகளைக் கோரலாம்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை: ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் சிவப்பு மிளகாயைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் நிறம் வெளிறித் தெரிந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். எப்போதாவது கை கால் மரத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.