ஆபீசில் "புகார் கமிட்டி" வந்த கதை! குயவர் வீட்டுப் பெண் கொடுத்த விலை

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆபீஸ்களில் பெண்களுக்கென்று புகார் கமிட்டி இருக்க வேண்டும். தலைவி பெண்தான். கமிட்டி போடாத முதலாளிக்கு ரூ.50 ஆயிரம் வரை அபராதம்!

இந்தச் சட்டம் யாரால் வந்தது? ஆபீஸ் வாசலையே மிதிக்காத ஒரு கிராமத்துப் பெண்ணால்!

பெயர் பன்வாரி தேவி. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் பக்கம் பட்டேரி கிராமம். குயவர் குடும்பம். 1985-ல் அரசின் பெண்கள் திட்டத்தில் "சாத்தின்" (தோழி) ஆனார். சொற்பச் சம்பளம். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு உரிமையை எடுத்துச் சொல்வதுதான் வேலை.

தொட்டில் குழந்தைக்குக் கல்யாணம்

1992-ல் "குழந்தைக் கல்யாணத்தைத் தடுங்கள்" என்று சர்க்கார் உத்தரவு போட்டது. ஊரில் செல்வாக்கான குடும்பம் ஒன்றில், ஒரு வயதுகூட ஆகாத பெண் குழந்தைக்குக் கல்யாண ஏற்பாடு! பன்வாரி தடுக்கப் போனார். போலீசும் வந்தது. அப்படியும் கல்யாணம் நடந்துவிட்டது.

பழி மட்டும் பன்வாரி மேல். அவர் செய்த பானையை வாங்க ஆள் இல்லை. பால் கொடுக்கவும் ஆள் இல்லை.

செப்டம்பர் 22-ந் தேதி கணவரோடு வயலில் இருந்தபோது 5 பேர் வந்தார்கள். கணவரை அடித்துப் போட்டுவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே பன்வாரியைப் பலாத்காரம் செய்ததாகப் புகார்.

டாக்டர் பரிசோதனை நடந்தது 52 மணி நேரம் கழித்து! உள்ளூர் ஆஸ்பத்திரி ஜெய்ப்பூருக்குத் தள்ளியது. ஜெய்ப்பூர், மாஜிஸ்திரேட்டு உத்தரவு கேட்டது. போலீஸ் நிலையத்தில் சாட்சியத்துக்காகப் பாவாடையை வாங்கிக்கொண்டார்கள். கணவரின் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு போனார் அந்த அம்மாள்.

கோர்ட்டில்...

1995 நவம்பரில் தீர்ப்பு. பலாத்காரக் குற்றச்சாட்டிலிருந்து 5 பேரும் விடுதலை! மேல் சாதிக்காரர்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொடுவார்களா என்கிற தோரணையில் ஒரு காரணம் வேறு. அப்பீல் ஐகோர்ட்டில் வருஷக்கணக்கில் தூங்கியது.

வேலை சொன்னது சர்க்கார். அந்த வேலைக்காக அடிபட்டவர் முறையிட ஓர் இடம் இல்லை. இது என்ன நியாயம் என்று "விசாகா" முதலிய பெண்கள் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 1997 ஆகஸ்டு 13-ந் தேதி நீதிபதி வர்மா தலைமையிலான பெஞ்சு, வேலையிடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று விதிகள் வகுத்தது. 2013-ல் அதுவே சட்டமாயிற்று.

பன்வாரி ஊரை விட்டு ஓடவில்லை. அதே பட்டேரியில்தான் தொடர்ந்து குடியிருந்தார்.

வீட்டு வேலை செய்கிறவர்களும், 10 பேருக்குக் குறைவான கடை, பட்டறையில் இருப்பவர்களும் ஜில்லா கமிட்டியிடம் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக் கொடுக்க உதவுவது கமிட்டியின் கடமை.