7,500 டாலரும் தொலைதூரப் புகைபோக்கியும்

2025 செப்டம்பர் 30. அமெரிக்காவில் மின்சார கார் வாங்க நினைத்திருந்தவர்களுக்கு அது கடைசி நாள். அன்றைக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணமும் கட்டியிருந்தால், கார் பிறகு கைக்கு வந்தாலும் மத்திய அரசின் வரிச் சலுகை உண்டு. மறுநாள் போனால் ஒரு டாலர்கூடக் கிடையாது. அந்தக் காலாண்டில் மின்சார கார் விற்பனை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டு, அக்டோபரில் மளமளவென்று இறங்கியது. புதிய காருக்கு 7,500 டாலர் வரை, பழைய காருக்கு 4,000 டாலர் வரை கிடைத்துவந்த பணம் அது. இந்தப் பணம் தேவைதானா, யார் கைக்குப் போகிறது, இதனால் காற்று சுத்தமாகிறதா என்று ஆண்டுக்கணக்கில் நடந்த வாதத்தை, ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் தேதி குறித்து முடித்துவைத்தது.

இரு கட்சிகளும் மேடைகளில் பேசியதைவிட, இந்தச் சலுகையை அளந்து பார்க்கப் புறப்பட்ட ஆய்வாளர்கள் கண்டுபிடித்தவைதாம் எனக்குப் பெரிய வியப்பு. ஒரு காருக்குத் தரும் பணம் சரியா என்று கேட்டவர்கள், மின்கம்பியைப் பிடித்துக்கொண்டே போய், பல நூறு மைல் தள்ளி ஒரு புகைபோக்கியின் அடியில் நின்றார்கள்.

முதலில் அந்தத் தொகையின் கதை. சலுகை பிறந்தது 2008 அக்டோபரில். வங்கிகள் சரிந்துகொண்டிருந்தபோது அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட மீட்புச் சட்டத்தின் ஒரு மூலையில் அது இருந்தது. அடுத்த ஆண்டு திருத்திய கணக்குப்படி, அடிப்படைத் தொகை 2,500 டாலர். மின்கலத்தில் 5 யூனிட் மின்சாரம் பிடித்தால் மேலும் 417 டாலர். அதற்குமேல் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இன்னொரு 417. கூட்டிக்கொண்டே போனால் 16 யூனிட்டில் 7,500ஐத் தொட்டு, அங்கேயே நின்றுவிடும். 2010 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் விற்பனைக்கு விட்ட செவ்ரோலே வோல்ட் காரின் மின்கலம் சரியாக 16 யூனிட். பின்னால் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரில் 85 யூனிட் பிடித்தபோதும் அதே 7,500தான்.

கட்டவேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை இது. ஆகவே ஆண்டுக்கு 3,000 டாலர் மட்டுமே வரி கட்டும் குடும்பத்துக்கு 3,000 டாலர்தான் மிச்சம். மீதி 4,500 கையில் வராது. முழுப் பணமும் பெற, முழுப் பணத்துக்கு வரி கட்டும் அளவு வருமானம் வேண்டும். விளைவு எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த செவரின் போரன்ஸ்டைனும் லூகாஸ் டேவிஸும் வரிக்கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். தொடக்க ஆண்டுகளில் மின்சார கார் சலுகையில் ஏறத்தாழ 90 சதவீதம், வருமானத்தில் முதல் ஐந்தில் ஒரு பங்கினருக்கே போயிருந்தது. எதிர்த்தவர்கள் சொன்ன குறைகளில் மிகக் கனமானது இதுதான். அதை ஆதரவாளர்கள் நேராக எதிர்கொள்ளாமல் நழுவியது தவறு என்றே நினைக்கிறேன்.

இனி, காற்று. முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எரித்ததைவிட மும்மடங்கு எடை எங்கிருந்து வந்தது? பெட்ரோலில் இருக்கும் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் எடை 12 என்றால், சேரும் ஆக்சிஜனின் எடை 32. அந்த 2.3 கிலோவில் பெரும்பகுதி காற்றிலிருந்து எடுத்ததே. இத்தனைக்கும் பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்குகூடப் பெரும்பாலும் சக்கரத்தை எட்டுவதில்லை. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. மின்சார காரிலோ முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது.

காருக்குப் புகைக்குழாய் இல்லை, சரி. அதற்கு மின்சாரம் தந்த நிலையத்துக்கு இருக்கிறதே? இங்கேதான் கேள்வி நுட்பமாகிறது. மாநிலத்தின் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் நிலக்கரி என்று சராசரி பார்த்தால் விடை தப்பாகும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சமையல் ஆகிவிட்டது. கடைசியாக வந்த ஒருவருக்காக எந்த அடுப்பை மறுபடி பற்றவைத்தார்கள் என்பதே கேள்வி. சூரியத் தகடும் அணு உலையும் கார் வந்தாலும் வராவிட்டாலும் தம்மால் முடிந்ததைத் தந்துகொண்டே இருக்கும். இரவு பதினொரு மணிக்கு ஒருவர் காரை மின்னேற்றச் செருகியதும் கூடுதலாக உழைப்பது வேறொரு நிலையம்.

ஸ்டீபன் ஹாலந்து, எரின் மேன்சர், நிக்கோலஸ் முல்லர், ஆண்ட்ரூ யேட்ஸ் ஆகிய நால்வரும் அந்த அடுப்பைத் தேடினார்கள். மின்நிலையங்களின் மாசு அமெரிக்காவில் மணிக்கு மணி பதிவாகிறது. எந்தப் பகுதியில், எந்த மணியில் மின்தேவை கூடினால் எந்தப் புகைபோக்கியில் மாசு கூடுகிறது என்று அந்தப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டார்கள். பிறகு அந்தப் புகை காற்றில் எந்தப் பக்கம் போகிறது, அதிலுள்ள கந்தக டை-ஆக்சைடு நுண்துகளாகி எந்த ஊர் மக்களின் நுரையீரலில் இறங்குகிறது என்று தொடர்ந்தார்கள். 2016இல் வெளிவந்த விடை பலரைத் திடுக்கிட வைத்தது. காற்றுக்குக் கிடைக்கும் நன்மையை மட்டும் வைத்துப் பார்த்தால், கலிபோர்னியாவில் ஒரு மின்சார காருக்கு 2,785 டாலர் சலுகை தரலாம். நிலக்கரியை நம்பியிருந்த வடக்கு டகோட்டாவில் சலுகை தருவதற்குப் பதில் 4,964 டாலர் வரி போடவேண்டும்! நாடு முழுக்கச் சராசரி பார்த்தாலும் 1,095 டாலர் வரிப் பக்கமே சாய்ந்தது. ஆனால் சட்டம் எல்லா ஊருக்கும் ஒரே 7,500 என்றது.

அதே ஆய்வில் இன்னொரு வாக்கியம் என்னை அதிகம் உலுக்கியது. ஒரு மாநிலத்தில் மின்சார கார் ஓடுவதால் மற்றவர் உடல்நலத்துக்கு வரும் கேட்டில் சுமார் 90 சதவீதம் வேறு மாநிலங்களில் போய் விழுகிறது. தன் தெருவில் சுத்தமான காற்று கிடைத்ததில் ஒருவர் மகிழலாம். அவர் மூச்சுக்கான விலையைக் காற்று வீசும் திசையில் இருக்கும் ஒரு குழந்தை கட்டிக்கொண்டிருக்கலாம். மாநில எல்லைக்குள் மட்டும் கணக்குப் பார்க்கும் எந்த அரசுக்கும் இது தெரியவே தெரியாது.

எதிர்ப்பாளர்கள் இந்த ஆய்வைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளின் மின்கட்டமைப்பைப் பற்றியது. அதே நால்வர் மறுபடி அளந்தபோது நிலைமை மாறியிருந்தது. மின்நிலைய மாசு அமெரிக்காவில் ஆண்டுதோறும் விளைவித்த கேட்டின் மதிப்பு, 2010இல் 24,500 கோடி டாலராக இருந்தது. 2017இல் 13,300 கோடிக்கு இறங்கியிருந்தது. மாசு மிகுந்த நிலக்கரி உலைகள் சில மூடப்பட்டன, சில வடிகட்டிகள் பொருத்திக்கொண்டன, அவற்றின் இடத்தை இயற்கை எரிவாயு நிலையங்கள் பிடித்தன. நாட்டுச் சராசரியில் மின்சார கார் இப்போது பெட்ரோல் காரைவிடச் சுத்தமானது என்று அவர்களே எழுதினார்கள். 2012இல் வாங்கிய ஒரு மின்சார கார், உரிமையாளர் எதுவுமே செய்யாமல், பெரும்பாலான ஊர்களில் ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாகிக்கொண்டே வந்திருக்கிறது. பெட்ரோல் காருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. வாங்கும் நாளன்று ஒருமுறை போடும் எந்தக் கணக்கிலும் இது அகப்படாது.

இன்னொரு கேள்வியும் உண்டு: சலுகை இல்லாவிட்டாலும் அவர் அந்தக் காரைத்தான் வாங்கியிருப்பாரா? ஜியான்வெய் ஷிங், பெஞ்சமின் லியர்ட், ஷான்ஜுன் லி மூவரும் வாங்கியவர்களின் இரண்டாவது விருப்பம் என்ன என்று ஆராய்ந்தார்கள். சலுகை விற்பனையை 29 சதவீதம் கூட்டியது உண்மை. ஆனால் கொடுத்த பணத்தில் 70 சதவீதம், எப்படியும் மின்சார கார் வாங்கியிருக்கக்கூடியவர்களுக்கே போனது. மின்சார காரால் வாங்கப்படாமல் போனவையும் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் பெரிய வண்டிகளாக இல்லை. ஏற்கெனவே நல்ல மைலேஜ் தந்த கார்கள்தாம் அதிகம்.

அப்படியானால் பணம் வீணா? என் பதில், இல்லை. விமானத் தயாரிப்பில் இருந்த தியடோர் ரைட் என்ற பொறியாளர் 1936இல் ஒன்றைக் கவனித்து எழுதினார்: மொத்த உற்பத்தி இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்தின் செலவு ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைகிறது. லித்தியம் அயான் மின்கலத்திலும் அதுவே நடந்தது. 2010இல் ஒரு யூனிட் பிடிக்கும் மின்கலத் தொகுப்பு ஆயிரம் டாலருக்கு மேல். 2024இல் 115 டாலர். சீனத்து ஆலைகளும் ஐரோப்பாவின் மாசு விதிகளும் சேர்ந்து உண்டாக்கிய சரிவு இது, அமெரிக்கச் சலுகையும் அதில் ஒரு கை. முதலில் வாங்கியவர் பெற்ற 7,500 அவர் காரோடு நிற்கவில்லை; அவருக்குப் பின்னால் வந்த எல்லோருடைய மின்கலத்தின் விலையிலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

2022 ஆகஸ்டில் பைடன் அரசு சட்டத்தைத் திருத்தியபோது குறைகளைச் சரிசெய்யப் பார்த்தார்கள். வருமான வரம்பு வந்தது. கார் வட அமெரிக்காவில் இறுதியாக ஒருங்கிணைக்கப்பட வேண்டும், மின்கலக் கனிமம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் வந்தன. சில நிபந்தனைகள் விசித்திரமாக முடிந்தன. 2023 தொடக்கத்தில் டெஸ்லா மாடல் ஒய் வண்டி ஏழு இருக்கையோடு வந்தால் எஸ்யூவி, விலை 80,000 டாலர் வரை இருந்தாலும் சலுகை உண்டு; ஐந்து இருக்கை என்றால் சாதாரண கார், விலை வரம்பு 55,000. பிப்ரவரியில் அதை மாற்றினார்கள்.

ஆனால் நல்ல பகுதியைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. 25,000 டாலருக்கு மேற்படாத பழைய மின்சார காருக்கும் முதல்முறையாகச் சலுகை கிடைத்தது, அதுவும் புதிய காருக்கு வைத்ததைவிடக் குறைந்த வருமான வரம்போடு. 2024 ஜனவரி முதல் அந்தப் பணத்தைக் கடையிலேயே விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஆனது. கட்டவேண்டிய வரி குறைவாக இருந்தாலும் முழுத் தொகை உண்டு. போரன்ஸ்டைனும் டேவிஸும் சுட்டிய ஓட்டையை அடைத்த ஏற்பாடு அதுதான். இருபத்தோரு மாதம் நடந்தது. 2023இல் மூன்றாண்டுக் குத்தகைக்குப் போன மின்சார கார்கள் 2026இல் பழைய கார் கடைகளுக்குத் திரும்புகின்றன. அவற்றை வாங்க வருபவர்களுக்குத் தர, பணக்காரர்களுக்கு முதல் பத்தாண்டுகளில் தாராளமாகக் கொடுத்த அரசிடம் இப்போது ஒன்றும் இல்லை.