நாலு மணி டீ

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்குச் செல்லும் சாலையில், பிற்பகல் நான்கு மணிக்கு ஒருமுறை சென்று பாருங்கள். ஒரு புறம் கடல்; மறு புறம் தொழிற்சாலைகள். சாலையில் துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள். ஒவ்வொரு டீக்கடையின் முன்பும் சிறு கூட்டம் நிற்கும். லாரி ஓட்டுநர், சுமை தூக்கும் தொழிலாளி, காசிமேட்டில் வலை பழுது பார்த்துவிட்டு வந்தவர் என எல்லோர் கையிலும் கண்ணாடித் தம்ளர். உடன் ஒரு மசால்வடை அல்லது பட்டர் பிஸ்கட்.

வெயிலில் வெந்து வந்தவர்கள் சூடான டீயையா தேடுவது? அதுவும் ஏன் நான்கு மணிக்கு?

மாலைத் தேநீர் இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய வழக்கம். மதிய உணவுக்கும் இரவு விருந்துக்கும் இடையே ஏற்பட்ட சோர்வைப் போக்கப் பெட்போர்டு சீமாட்டி அன்னா இதைத் தொடங்கினார் என்பார்கள். சீமாட்டிக்கு வந்த அதே சோர்வுதான் நம் தொழிலாளிக்கும் வருகிறது.

சோர்வு எங்கிருந்து வருகிறது?

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. பிற்பகலில் அது நம் விழிப்புணர்வைச் சற்றே குறைக்கிறது. மதியம் சாப்பிடாதவருக்கும் இந்தத் தூக்கக் கலக்கம் வருவதுண்டு. மேலும், நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அது மூளைச் செல்களில் தனக்கென உள்ள இடங்களில் சென்று பொருந்தும்போது தூக்கம் வருகிறது.

டீயிலுள்ள காஃபீன் அடினோசினைப் போன்ற வடிவம் கொண்டது. எனவே அது முந்திக்கொண்டு அந்த இடங்களில் அமர்ந்துவிடுகிறது. வேறொருவர் உட்கார்ந்துவிட்ட நாற்காலியில் நாம் உட்கார முடியுமா? அடினோசின் வெளியே காத்து நிற்கிறது, களைப்புத் தெரிவதில்லை. ஆனால் களைப்பு மறைகிறதே தவிர, ஒழிவதில்லை!

சூடு குளிர்ச்சி தருமா?

2012-இல் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தனர். சூடான நீரைக் குடித்தவர்களுக்கு வியர்வை கூடுதலாகச் சுரந்தது. அது முழுவதும் ஆவியானபோது, நீர் தந்த வெப்பத்தைவிட அதிக வெப்பம் உடலைவிட்டு வெளியேறியது. ஆனால் வடசென்னையின் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. நல்லவேளையாகப் பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்குகிறது. கடைக்கு வெளியே நின்று குடிப்பவர் அதன் பயனைப் பெறுகிறார்.

டீயை மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றுவதும் வெறும் வேடிக்கையன்று. தாரையாக விழும்போது காற்றுபடும் பரப்பு பெருகி, சூடு விரைவில் தணிகிறது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. ஆகவே ஆற்றிக் குடிப்பதே நல்லது.

ஓர் ஆணி சொல்லும் பாடம்

பால் சேர்க்காத டீ டிகாஷனில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு வையுங்கள். மறுநாள் டிகாஷன் மை போலக் கறுத்திருக்கும். (அதைக் குடித்துவிடாதீர்கள்!) டீயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் வகைப் பொருள்கள் இரும்புடன் சேர்ந்ததால் வந்த நிறம் இது.

சாப்பாட்டோடு டீ குடித்தால் வயிற்றிலும் இதுவே நடக்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை இப்பொருள்கள் பற்றிக்கொள்வதால், உடல் அதை முழுமையாக உறிஞ்ச முடிவதில்லை. இரும்பு குறைந்தால் இரத்தசோகை வரும். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. டீ மட்டுமே காரணம் அன்று. ஆயினும் இரத்தசோகை உள்ளவர் இட்லியோடும் சோற்றோடும் டீ குடிப்பது, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போலத்தான். இரும்புச்சத்து மாத்திரையையும் டீயுடன் விழுங்கக்கூடாது.

இப்போது நான்கு மணியின் சிறப்பு விளங்குகிறதல்லவா? மதிய உணவு முடிந்து இரண்டு மணி நேரத்திற்கு மேலாகிவிட்டது. இரவு உணவுக்கு இன்னும் நேரமிருக்கிறது. உறக்கத்திற்கும் பெரிய இடையூறு இல்லை. உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நான்கு மணிக்குக் குடித்தால் ஒன்பது மணிக்குப் பாதிதான் மிஞ்சும். தேர்வுக்காக இரவு பத்து மணிக்குக் குடித்தாலோ, அதிகாலை மூன்று மணிக்கும் பாதி மிஞ்சியிருக்கும்!

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு டீயும் பன்னும் போதும் என்று வேலைக்குத் திரும்புபவர்கள் உண்டு. டீ பசியைச் சற்று நேரம் மறக்கச் செய்யுமே தவிர, சோறாகிவிடாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் அந்த ஆணியை அவருக்குக் காட்டுங்கள். முதலில் சாப்பாடு, பிறகு ஓய்வு, நான்கு மணிக்கு டீ என்று அன்போடு சொல்லுங்கள்.