டிஷ்வாஷர்ல தண்ணி ஏறலையா? டெக்னீஷியனுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி ஒரு பக்கெட்டை எடுங்க

நீங்க வேலை பார்க்கிறது சென்னையிலயோ ஓரகடத்துலயோ, அம்மா அப்பா இருக்கிறது செஞ்சியில. அம்மாவுக்குக் கை வலின்னு ஒரு டிஷ்வாஷர் வாங்கிக் கொடுத்திருக்கீங்க. 42,000 ரூபாய் மிஷின், 12 மாச இஎம்ஐன்னு வெச்சுக்குவோம். மாசம் 3,500 ரூபாய் உங்க அக்கவுண்ட்ல இருந்து போகுது. ஆனா வீட்டுல மிஷின் ஸ்டார்ட் ஆகுது, ஏதோ சத்தம் வருது, தண்ணி மட்டும் ஏறல. அம்மா பழையபடி சிங்க்குலயே பாத்திரம் தேய்க்கிறாங்க, மிஷின் மேல கூடை வெச்சாச்சு.

இந்த இடத்துல பெரும்பாலானவங்க செய்றது ரெண்டுல ஒண்ணு. சர்வீஸ் சென்டருக்கு போன் போடுவாங்க, இல்லன்னா "நம்ம ஊருக்கு இதெல்லாம் சரிப்படாது"ன்னு பாதி விலைக்கு ஓஎல்எக்ஸ்ல போட்டுடுவாங்க. ரெண்டுக்கும் முன்னாடி ஒரு விஷயத்தைப் பார்த்துடலாம். தண்ணி ஏறாததுக்குக் காரணம் நிறைய வீடுகள்ல மிஷினுக்குள்ள இருக்காது. வெளியில, மொட்டை மாடிக்கும் சிங்க்குக்கும் நடுவுல இருக்கும்.

மிஷினோட மேனுவல்ல கடைசிப் பக்கங்கள்ல "வாட்டர் பிரஷர்"னு ஒரு வரி இருக்கும். பல மாடல்கள்ல குறைந்தபட்சம் 0.3 பார் அல்லது 0.5 பார், அதிகபட்சம் 10 பார்னு போட்டிருப்பாங்க. பார்னா என்னன்னு பயப்பட வேண்டாம். தண்ணி 10 மீட்டர் உயரத்துல இருந்து இறங்கினா ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஒரு மீட்டருக்கு 0.1 பார், அவ்வளவுதான் கணக்கு.

இப்ப ஊர் வீட்டை நினைச்சுப் பாருங்க. தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. மொட்டை மாடியில 1,000 லிட்டர் டேங்க். சிங்க்குக்குக் கீழ இருக்கிற குழாயில இருந்து டேங்க்கோட அடிப்பாகம் வரைக்கும் 9 அல்லது 10 அடி இருக்கும், அதாவது சுமார் 3 மீட்டர். அப்படின்னா 0.3 பார். டேங்க் நிறைஞ்சிருந்தா இன்னொரு 0.1 சேரும். நடுவுல இருக்கிற எல்போ, அரை இன்ச் பைப், பாதி திறந்த வால்வு இதெல்லாம் அதுல கொஞ்சம் தின்னுடும். காலையில மோட்டார் போட்டதும் மிஷின் நல்லா ஓடி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஓடமாட்டேங்குதுன்னா, முதல் சந்தேகம் இங்கதான் போகணும். வீட்டுக்கு மேல இன்னொரு மாடி இருந்து, சமையலறை கீழ இருந்தா இந்தப் பிரச்சனை வர்றது குறைவு. கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்ல தண்ணி கொண்டு வந்த ஊர்க்காரங்களுக்கு உயரத்தோட மதிப்பை நான் சொல்லித் தர வேண்டியதில்ல!

சரி, பக்கெட்டுக்கு வருவோம். வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, அப்பாவையோ தம்பியையோ இதைச் செய்யச் சொல்லலாம். முதல்ல மிஷினோட பிளக்கைப் பிடுங்கணும். குழாயை மூடிட்டு, மிஷினுக்குப் போற ஹோஸைக் குழாய் பக்கத்துல கழட்டணும். கீழ 10 லிட்டர் பக்கெட்டை வெச்சு, குழாயை முழுசாத் திறந்து, மொபைல்ல ஸ்டாப்வாட்ச் போடணும். ஒரு நிமிஷத்துக்குள்ள பக்கெட் நிறைஞ்சா தண்ணி வரத்து நல்லாவே இருக்கு. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் ஆச்சுன்னா மிஷின் மேல குறை சொல்ல முடியாது. டேங்க் நிறைஞ்சிருக்கும்போது ஒரு தடவை, கால்வாசி இருக்கும்போது ஒரு தடவை பார்த்தீங்கன்னா இன்னும் தெளிவாத் தெரியும்.

ஹோஸ் கழட்டின கையோட அதோட முனையைப் பாருங்க. உள்ள சின்னதா ஒரு சல்லடை இருக்கும். போர் தண்ணியோட வர்ற பொடி மணல், டேங்க் அடி வண்டல், உப்புப் படிவு எல்லாம் வந்து தங்குற இடம் இதுதான். டேங்க் கழுவின மறுநாள் பிரச்சனை ஆரம்பிச்சிருந்தா அநேகமா இதுதான் காரணம். பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவினாப் போதும், செலவு பூஜ்யம். ஒரு எச்சரிக்கை: சில மாடல்கள்ல ஹோஸோட குழாய் முனையில பெட்டி மாதிரி தடிமனா ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள கரண்ட்ல இயங்குற வால்வு இருக்கு. அதைத் தண்ணியில முக்கக் கூடாது, ஹோஸை வெட்டி ஒட்டவும் கூடாது.

சிங்க்குக்குக் கீழ இருக்கிற ஆங்கிள் காக் முழுசாத் திறந்திருக்கான்னும் பாருங்க. சிரிக்காதீங்க. ஆர்ஓ மிஷினுக்கும் டிஷ்வாஷருக்கும் ஒரே இடத்துல டி-ஜாயின்ட் போட்டிருப்பாங்க, ஆர்ஓ சர்வீஸுக்கு வந்தவர் மூடிட்டுப் போயிருப்பார். மிஷினைச் சுவரோட ஒட்டித் தள்ளினதுல ஹோஸ் மடங்கியிருக்கலாம். கதவு 'க்ளிக்'னு சாத்தியிருக்கணும், டிலே ஸ்டார்ட் ஆன் ஆகியிருக்கக் கூடாது.

பலரும் கவனிக்காத இன்னொண்ணு ட்ரெயின் பைப். அழுக்குத் தண்ணி வெளிய போற பைப்பைத் தரையில இருக்கிற ஜாலிக்குள்ள அப்படியே விட்டிருந்தா, ஏறுற தண்ணி சைஃபன் மாதிரி தானா வெளிய வழிஞ்சுடும். மிஷினுக்குத் தண்ணி பத்தாது, பார்க்கிறவங்களுக்கு "ஏறவே இல்ல"ன்னு தோணும். மேனுவல்ல சொன்ன உயரத்துக்குப் பைப்பைத் தூக்கிக் கட்டினாச் சரியாகிடும்.

டிஸ்ப்ளேல வர்ற கோடையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பாஷ்ல 'ஈ 18', எல்ஜில 'ஐ ஈ', சாம்சங்ல '4 சி' வந்தா தண்ணி வரத்துல சிக்கல்னு அர்த்தம். பாஷ்ல 'ஈ 15' வந்தா விஷயம் வேற: மிஷினோட அடித்தட்டுல தண்ணி கசிஞ்சு, பாதுகாப்புக்காக உள்ள வர்றதை நிறுத்தியிருக்கு. அதுல கை வைக்காதீங்க, டெக்னீஷியன் வேலை அது.

பக்கெட் டெஸ்ட்ல தண்ணி வரத்துதான் குறைவுன்னு தெரிஞ்சா எவ்வளவு செலவு பண்ணலாம்? நேரா பூஸ்டர் பம்ப் வாங்க ஓடாதீங்க. முதல்ல பிளம்பரைக் கூப்பிட்டு, டேங்க்ல இருந்து சமையலறைக்கு ஒரு இன்ச் பைப்ல தனி லைன் போட முடியுமான்னு கேளுங்க. வளைவுகளைக் குறைச்சாலே வித்தியாசம் தெரியும். அடுத்தது டேங்க்கை 5 அடி உயர்த்துறது, அதுல 0.15 பார் கூடும். ஆனா 1,000 லிட்டர் தண்ணின்னா ஒரு டன் எடை. ஸ்டாண்டோட கால் எங்க நிக்குது, அதுக்குக் கீழ சுவரோ பீமோ இருக்கான்னு மேஸ்திரி பார்த்துச் சொன்ன பிறகுதான் செய்யணும். இது ரெண்டும் ஒத்துவரலன்னா ஆட்டோ கட்-ஆஃப் உள்ள சின்ன பிரஷர் பம்ப். என் கணக்கு இது: பம்ப்பும் பொருத்துற கூலியும் சேர்த்து உங்க ரெண்டு இஎம்ஐ அளவுக்குள்ள முடிஞ்சா தாராளமாச் செய்யலாம். மிஷினை அரை விலைக்கு வித்தா அதைவிட நிறைய போயிடும்.

பக்கெட் ஒரு நிமிஷத்துல நிறையுது, சல்லடையும் சுத்தம், அப்பவும் ஏறலன்னா உள்ள இருக்கிற இன்லெட் வால்வு போயிருக்கலாம். இப்ப சர்வீஸுக்கு போன் போடுங்க. வாரன்டி இருந்தாலும், "மிஷின்ல பழுது இல்ல, தண்ணி பிரஷர்தான் குறைவு"ன்னு முடிவானா விசிட் சார்ஜ் உண்டான்னு புக் பண்ணும்போதே கேட்டுடுங்க. பக்கெட் டெஸ்ட் வீடியோவை எடுத்து வெச்சிருந்தா, "உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல"ன்னு ஒரே வரியில யாரும் கையைக் கழுவிட முடியாது. டெக்னீஷியன் கிளம்புறதுக்கு முன்னாடி, என்ன பார்த்தார், என்ன சொன்னார்னு ஜாப் ஷீட்ல எழுதி வாங்குங்க.

வாரன்டியில இருந்தும் இழுத்தடிச்சா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதியலாம். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. பொருளோட விலை 5 லட்சத்துக்குள்ள இருந்தா புகாருக்குக் கட்டணமே கிடையாது. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊர்லயே போடலாம், கடை இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம்.

இன்னும் வாங்காதவங்களுக்கு: 2025 செப்டம்பர் 22-ல இருந்து டிஷ்வாஷருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆகக் குறைஞ்சிருக்கு, பழைய விலைப் பட்டியலைக் காட்டினா ஏமாறாதீங்க. கிரெடிட் கார்டு 'நோ காஸ்ட் இஎம்ஐ'ல வட்டியைத் தள்ளுபடியாக் கொடுத்தாலும், அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உங்க பில்லுல வரும். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி, அடுத்த வாரம் ஊருக்குப் போறப்போ, சிங்க்குக்குக் கீழ அந்தப் பக்கெட்டை ஒரு நிமிஷம் வெச்சுப் பார்த்துட்டு வாங்க.