சுவருக்குள் ஓடும் ஒயருக்கு ஒரு படம்... காசில்லாமல் வரையலாம்!

பழவேற்காட்டில் இரும்பு அதிக நாள் தாங்காது. கதவுத் தாழ்ப்பாள், சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி என்று எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. வெளியே தெரிகிற துருவைச் சுரண்டிவிட்டு பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். ஆனால், சுவிட்ச் போர்டுக்குள் இருக்கும் ஸ்க்ரூ துருப்பிடிப்பதும், ஒயர் முனையில் செம்பு பச்சை பூப்பதும் யார் கண்ணிலும் படாது. ஒருநாள் லைட் மினுக் மினுக்கென்று எரியும். ஃபிரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். அப்போதுதான் எலெக்ட்ரீஷியனுக்கு போன் போகும்.

வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘‘இந்த வீட்டுக்கு ஒயரிங் பண்ணது யாரு?’’

பெரும்பாலும் பதில் இருக்காது. ஒயரிங் செய்தவர் சென்னைப் பக்கம் வேலைக்குப் போயிருப்பார். அல்லது, அவருடைய போன் நம்பர் மாறியிருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் சுவரையும் உடைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற வழக்கம் உண்டு. தண்ணீரின் மேல் கோடு எதுவும் கிடையாது. ஆனாலும் எது யாருடைய முறை என்பது ஊருக்கே தெரியும். வீட்டு ஒயரிங் அப்படியில்லை. அது போட்டவரின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அவர் ஊரைவிட்டுப் போனால், அந்த விவரமும் அவரோடு போய்விடுகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை திருவள்ளூர் மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது. வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்த பிறகு, எந்த லைனை ஆன் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. ஒரு பக்க ஒயரிங் படம் கையில் இருந்தால், சோதிக்க வரும் எலெக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை மிச்சம்.

பேப்பர் போதாதா?

தாராளமாகப் பேப்பரில் தொடங்கலாம். ஆனால், ஏரிக்கரை ஈரத்தில் பேப்பர் ஊறிப்போகும். அடுத்த வருஷம் புதிதாக ஒரு ரூம் கட்டினாலோ, ஏ.சி. வைத்தாலோ முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்தால் ஒரு கோட்டைச் சேர்த்துவிட்டு, பி.டி.எஃப்-ஆக மாற்றி எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். ஐ.டி.ஐ-யில் 2 வருட எலெக்ட்ரீஷியன் படிப்பை முடித்த பிள்ளைகளுக்குக் குறியீடுகள் ஏற்கெனவே தெரியும். அவர்களுக்குத் தேவை ஒரு பழைய லேப்டாப்பும், சரியான சாஃப்ட்வேரும்தான்.

எந்த வேலைக்கு எது?

வீட்டு ஒயரிங்: ‘டிரா.ஐஓ’ போதும். பிரவுசரிலேயே திறக்கும். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மின்சாரக் குறியீடுகள் அதிலேயே இருக்கின்றன. சிக்னல் சரியாகக் கிடைக்காத இடங்களுக்கு, கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும் பதிப்பும் உண்டு. செல்போன் பிரவுசரிலும் திறக்கலாம். ஆனால், சின்னத் திரையில் கோடு இழுப்பது விரலுக்குச் சிரமம். போனில் படத்தைப் பார்க்கலாம், வரைவதற்கு லேப்டாப்பே நல்லது.

இறால் பண்ணை மோட்டார், படகு: ‘க்யூ-எலக்ட்ரோடெக்’ பொருத்தமானது. மின்சுற்றுப் படத்துக்கென்றே உருவாக்கப்பட்ட இலவச, திறந்த மூல மென்பொருள் இது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஏரேட்டர் மோட்டாரின் ஸ்டார்ட்டரை வரையும்போது, கான்டாக்டரின் காயில் ஒரு பக்கத்திலும் அதன் கான்டாக்ட்கள் வேறு பக்கத்திலும் இருக்கும். எது எதோடு சேர்ந்தது என்பதை இதுவே குறித்துக்காட்டும். ஒயர்களுக்கு வரிசையாக நம்பரும் போட்டுத் தரும். கடலுக்குப் போகும் ஃபைபர் படகில் பேட்டரியிலிருந்து லைட், ஜி.பி.எஸ்., வயர்லெஸ் செட்டுக்குப் போகும் 12 வோல்ட் லைன்களையும் இதிலேயே வரையலாம். 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். அதில் ஷாக் பயம் குறைவு. ஆனால், ஃபியூஸ் இல்லாத ஒயர் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

வீட்டு பிளானோடு சேர்த்து: எந்தச் சுவரில், எத்தனை அடி உயரத்தில் போர்டு என்று அளவோடு காட்ட வேண்டுமானால் ‘லிப்ரேகேட்’. இதுவும் இலவசம். பழகச் சில நாட்கள் பிடிக்கும்.

தேவையில்லாதது: ‘கீகேட்’ அருமையான இலவச மென்பொருள். பிரான்ஸைச் சேர்ந்த ஜான்-பியர் ஷாரா 1992-ல் தொடங்கியது. ஆனால், அது எலெக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு வடிவமைப்பவர்களுக்கானது. வீட்டு ஒயரிங்குக்கு அதைப் பழகுவது வீண் சிரமம்.

காசு கொடுத்து வாங்குவது: ‘ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல்’, ‘ஈபிளான்’ போன்றவை பெரிய தொழிற்சாலைகளின் கன்ட்ரோல் பேனல்களுக்கு. மாணவர்களுக்கு ‘ஆட்டோகேட்’ இலவசமாகக் கிடைக்கும். ஆனால், அதைப் படிப்புக்கு மட்டுமே பயன்படுத்தலாம், சம்பாதிக்கும் வேலைக்குக் கூடாது. ‘கிராக்’ செய்த திருட்டுப் பதிப்பு பக்கம் போகவே வேண்டாம். அதோடு சேர்ந்து வைரஸும் வரலாம்.

டவுன்லோடு செய்யும் முன் 4 கேள்விகள்

1. நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யுமா? புயல் சமயத்தில் முதலில் போவது சிக்னல்தான்.

2. பி.டி.எஃப்-ஆக எடுத்தால் குறுக்கே அவர்களுடைய பெயர் விழாமல் இருக்குமா? பல ‘ட்ரையல்’ பதிப்புகளின் தந்திரம் இது.

3. இலவச காலம் முடிந்த பிறகு நீங்கள் வரைந்த படத்தை நீங்களே திறக்க முடியுமா?

4. ஐ.டி.ஐ-யில் சொல்லிக்கொடுக்கும் குறியீடுகள் அதில் இருக்கின்றனவா? அமெரிக்காவில் சில குறியீடுகள் வேறு. ஐ.இ.சி. எனப்படும் சர்வதேச முறைக் குறியீடுகள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நீல ஒயர்... ஜாக்கிரதை!

இந்த மென்பொருள்களில் வரும் மாதிரிப் படங்களை அப்படியே காப்பி அடிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஐரோப்பாவில் நீல ஒயர் என்றால் நியூட்ரல். நம் ஊரில் நியூட்ரல் கறுப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே த்ரீ ஃபேஸில் கரன்ட் வரும் ஒயர்கள். பச்சை எர்த். ஐரோப்பியப் படத்தைப் பார்த்து நீலத்தை நியூட்ரலாக நினைத்து இணைத்தால், சுமார் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரும். சாதனம் எரிந்துபோவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம். எனவே, வரைய உட்கார்ந்ததும் முதல் வேலையாக நம் ஊர் நிறங்களுக்கு மாற்றிவிடுங்கள். படத்தின் ஓரத்தில் ‘கறுப்பு - நியூட்ரல், பச்சை - எர்த்’ என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள்.

படத்தில் என்னென்ன வேண்டும்?

மீட்டரில் தொடங்கி மெயின் சுவிட்ச், ஆர்.சி.சி.பி., ஒவ்வொரு எம்.சி.பி., அதிலிருந்து எந்த ரூமுக்கு எது போகிறது என்பது வரை வரிசையாக வர வேண்டும். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே லைனைத் துண்டித்து உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான். படத்தில் அதற்கு இடம் இல்லையென்றால், வீட்டிலும் அது இல்லை என்று அர்த்தம். முதலில் அதைப் பொருத்தச் சொல்லுங்கள்.

எர்த் கம்பி எங்கே புதைந்திருக்கிறது என்பதையும் குறியுங்கள். உப்பு மண்ணில் அது சீக்கிரம் அரித்துப்போகும். இடம் தெரிந்தால்தான் சோதிக்க முடியும். ஒயர் என்ன அளவு, எந்தத் தேதியில் மாற்றியது என்பதும் இருக்கட்டும்.

ஏற்கெனவே கட்டிய வீடு என்றால்? போர்டைத் திறக்காமலே பாதிப் படம் போட்டுவிடலாம். பகலில் எல்லா லைட், ஃபேனையும் ஆன் செய்துவிட்டு, எம்.சி.பி-க்களை ஒவ்வொன்றாக ஆஃப் செய்யுங்கள். எது எது நிற்கிறது என்று பிள்ளைகள் ரூம் ரூமாகப் போய்ப் பார்த்துச் சொல்லட்டும், பெரியவர் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். மீதியை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வரும்போது கேட்டுச் சேர்க்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த மென்பொருள்கள் நீங்கள் வரைவதை வரையும், அவ்வளவுதான். ‘இந்த ஒயர் இந்த லோடைத் தாங்காது’ என்று எச்சரிக்காது. அதைச் சொல்ல வேண்டியவர் எலெக்ட்ரீஷியன்தான்.

படம் முடிந்ததா? ஒரு பிரின்ட் எடுத்து லேமினேட் செய்து, மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பி.டி.எஃப்-ஐக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவையுங்கள். அடுத்த முறை வருகிற எலெக்ட்ரீஷியன், ‘‘ஒயரிங் பண்ணது யாரு?’’ என்று கேட்டால், பதிலுக்கு அந்தக் கதவைத் திறந்து காட்டினால் போதும்.