கணிப்பொறிக்குள் ஒரு பூனை மூளையா?

2009 நவம்பரில் வியப்பூட்டும் செய்தி ஒன்று வெளிவந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய தர்மேந்திர மோதாவும் அவரது குழுவினரும், பூனை மூளையின் மேற்பகுதியான புறணி அளவுக்கு ஒரு மாதிரியைக் கணிப்பொறியில் இயக்கிவிட்டார்களாம்! மாதிரியில் சுமார் 160 கோடி நரம்பணுக்கள்; கணிப்பொறியில் 1,47,456 செயலிகள். அப்படியிருந்தும் அது உண்மை மூளையைவிட நூறு மடங்குக்கும் மேல் மெதுவாகவே ஓடியது.

அந்தப் பூனை 'மியாவ்' என்றதா? இல்லை. எலியைக் கண்டு பாயவுமில்லை. மூளை ஆய்வாளர் ஹென்றி மார்க்ரம் இதை வெளிப்படையாகவே கண்டித்தார். மாதிரியிலுள்ள அணுக்கள் உண்மையான நரம்பணுவுக்கு முன் வெறும் புள்ளிகளே என்பது அவர் வாதம்.

எண்ணிக்கை போதாது, சரி. இணைப்புகள் முழுவதும் தெரிந்தால் போதுமா? 'சி. எலிகன்ஸ்' என்னும் ஒரு மில்லிமீட்டர் புழுவைப் பாருங்கள். அதற்கு 302 நரம்பணுக்களே உண்டு. எது எதோடு இணைகிறது என்ற படம் 1986-லேயே வெளியாகிவிட்டது. ஆயினும் அப்புழுவின் நடத்தை முழுவதையும் கணிப்பொறியில் நடத்திக் காட்ட இன்றும் இயலவில்லை.

ஏன்? எங்கள் காக்களூர் தொழிற்பேட்டையில் ஏதேனும் ஓர் இயந்திரத்தின் ஒயரிங் படத்தைப் பிரித்துப் பார்த்தால், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியும். டைமரை எத்தனை விநாடிக்குத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. நரம்பிலும் அப்படியே. ஓர் இணைப்பு எவ்வளவு வலியது, அடுத்த அணுவைத் தூண்டுமா அடக்குமா என்பதை வெறும் படம் சொல்லாது. போதாக்குறைக்கு, பிராணி கற்கக் கற்க அந்த வலிமையும் மாறிக்கொண்டே இருக்கும்!

2024 அக்டோபரில் பழ ஈயின் மூளைப் படம் முழுமையாக வெளியாயிற்று: 1,39,255 நரம்பணுக்கள், சுமார் 5 கோடி இணைப்புகள். ஒவ்வோர் அணுவும் தூண்டுவதா, அடக்குவதா என்பதையும் அது சுரக்கும் வேதிப்பொருளைக் கொண்டு கணித்துச் சேர்த்தார்கள். மாதிரியில் இனிப்பை உணரும் அணுக்களைத் தூண்டியதும், உறிஞ்சுகுழலை நீட்டச் செய்யும் அணு கிளர்ந்தது! உயிருள்ள ஈக்களில் சோதித்தபோது முடிவுகள் பெரும்பாலும் ஒத்துவந்தன. பூனையைவிட இந்த ஈயே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்று நம்மோடு உரையாடும் செயற்கை அறிவுப் பொறிகளோ எந்தப் பிராணியின் மூளைக்கும் பிரதி அல்ல. நரம்பணு என்ற கருத்தை மட்டும் கடன் வாங்கி, ஏராளமான எழுத்துகளைக் கொண்டு பயிற்சி பெற்றவை.

மனித மூளைக்கு வருவோம். அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற படத்தொகுப்பை வெளியிட்டது. கருவளர்ச்சிக் கால மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி எடுத்த 5,132 சீவல்களின் படங்கள் அதில் உள்ளன. எந்த அணு எங்கே இருக்கிறது என்று அவை காட்டும். எது எதோடு இணைகிறது என்று காட்டா. இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.